கதிர்வீச்சு அவசரநிலையும் தாமே இரத்தம் எடுத்துக்கொள்ளும் கருவிகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதிர்வீச்சு விபத்தோ அணுகுண்டு வெடிப்போ நேர்ந்தால், ஒருவர் உடலில் எவ்வளவு கதிர்வீச்சு பாய்ந்தது என்பதை அவருடைய இரத்தத்தைக் கொண்டே கணிக்க முடியும். அந்த இரத்தத்தைப் பயிற்சி பெற்ற செவிலியரின் கை படாமல் அவரவரே எடுத்துக் கொடுப்பதற்கான சிறு கருவிகளும் இப்போது வந்துவிட்டன. அவற்றைப் பற்றிப் பொதுமக்களும் பேரிடர்ப் பணிக்குத் தம்மைத் தயார்செய்து கொள்வோரும் பொதுவாக எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடை தரப்பட்டுள்ளது.

இந்தக் கருவி கதிர்வீச்சை அளந்து சொல்லிவிடுமா?

சொல்லாது. சர்க்கரை அளவைக் காட்டும் குளுக்கோமீட்டரைப் போல இதில் திரையும் கிடையாது, எண்ணும் வராது. இரத்தத்தை எடுப்பதும், அது கெடாமல் ஆய்வுக்கூடம் போய்ச் சேரும்வரை காப்பதும் மட்டுமே இதன் வேலை. அளவைக் கணிப்பது முழுக்க முழுக்க ஆய்வுக்கூடத்தின் பொறுப்பு. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனத்தில் இருத்திக்கொண்டால், கீழே வரும் பல விடைகள் எளிதில் விளங்கும். எந்தச் சோதனைக்காக இரத்தம் எடுக்கிறோம் என்பதைத் தீர்மானித்த பிறகே எந்தக் கருவி என்பதைத் தீர்மானிக்க முடியும். கருவியை முதலில் வாங்கிவிட்டுச் சோதனையைப் பிறகு தேடுவது வீண்செலவில் முடியும்.

கைகர் கருவியை உடல்மேல் காட்டிப் பார்த்தால் போதாதா?

கைகர் கருவி உடலிலும் உடையிலும் ஒட்டியிருக்கும் கதிரியக்கத் தூசைக் காட்டும். ஒருவர் மீது கதிர்வீச்சு பாய்ந்து கடந்து போயிருந்தால் அதை அந்தக் கருவியால் காட்ட இயலாது, ஏனெனில் காமாக் கதிர் பாய்ந்த உடல் தானே கதிரியக்கம் உடையதாக மாறிவிடுவதில்லை. எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வெளியே வருபவரை எந்தக் கருவியைக் கொண்டு சோதித்தாலும் அவர் எக்ஸ்ரே எடுத்தார் என்பது தெரியாதல்லவா, அதைப் போலத்தான் இதுவும். பணியாளர்கள் மார்பில் அணியும் கதிர்வீச்சு அளவி இருந்தால் கணக்கு எளிது. தெருவில் போன பொதுமக்களிடம் அது இருக்காது. அவர்கள் உடலுக்குள் விட்டுச்செல்லப்பட்ட தடயம் இரத்த அணுக்களில்தான் பதிந்திருக்கும்.

வாந்தி வருவதை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே?

ஓரளவு. கதிர்வீச்சு கூடக்கூட வாந்தி விரைவாகத் தொடங்கும் என்பது உண்மைதான். ஆனால் அச்சத்தாலும் வாந்தி வரும், கெட்டுப்போன உணவாலும் வரும், பக்கத்தில் இருப்பவர் எடுப்பதைப் பார்த்தும் வரும். செர்னோபில் அணு உலை 1986 ஏப்ரல் 26 அன்று வெடித்தபோது, அங்கே இருந்த பணியாளர்களிலும் மீட்புப் பணியினரிலும் 237 பேருக்குக் கடும் கதிர்வீச்சு நோய் இருக்கலாம் என்று முதலில் கருதப்பட்டது. பிறகு உறுதியானது 134 பேருக்கு. அவர்களில் 28 பேர் முதல் சில மாதங்களுக்குள் இறந்தனர். உலைக்கு அருகிலேயே இருந்தவர்களிடத்திலேயே முதல் கணிப்புக்கும் இறுதிக் கணிப்புக்கும் இவ்வளவு இடைவெளி இருந்ததென்றால், நகரம் முழுவதும் பரவிக் கிடக்கும் மக்களிடம் அறிகுறிகளை மட்டும் நம்புவது எவ்வளவு தூரம் கைகொடுக்கும் என்பதை எண்ணிப் பார்க்கலாம்.

செவிலியர்கள் இருக்கும்போது மக்களே ஏன் இரத்தம் எடுத்துக்கொள்ள வேண்டும்?

எண்ணிக்கைதான் காரணம். பிரேசில் நாட்டின் கோயானியா நகரில் 1987 செப்டம்பரில், கைவிடப்பட்ட ஒரு கதிரியக்கச் சிகிச்சையகத்திலிருந்து சீசியம்-137 அடங்கிய கருவித் தலையைச் சிலர் எடுத்துச் சென்று பிரித்தனர். இருட்டில் நீலமாக ஒளிர்ந்த அந்தத் தூளை உறவினர்களும் அண்டை வீட்டாரும் கையில் எடுத்துப் பார்த்தனர். செய்தி வெளிவந்ததும் சுமார் 1,12,000 பேர் விளையாட்டு அரங்கில் வரிசையாக நின்று சோதனை செய்துகொண்டனர். கதிரியக்கம் ஒட்டியிருந்தது 249 பேரிடம்தான். நான்கு பேர் உயிரிழந்தனர். குரோமோசோம் சோதனைக்குச் சென்ற இரத்த மாதிரிகளோ ஏறத்தாழ நூற்றுப்பத்து. ஒரு இலட்சத்துக்கும் மேலானோரிலிருந்து அந்த நூற்றுப்பத்துப் பேரைச் சலித்தெடுக்க அங்கே வழி இருந்தது, ஏனெனில் தூள் யாரிடமெல்லாம் போனது என்பதை வீடு வீடாகத் தடம் பிடிக்க முடிந்தது. அணுகுண்டு வெடிப்பில் அப்படித் தடம் பிடிக்க இயலாது. அங்கே இலட்சக்கணக்கானோரின் இரத்தத்தையே நேரடியாகச் சோதிக்க வேண்டி வரலாம்.

நரம்பில் (அதாவது சிரை என்ற இரத்தக் குழாயில்) ஊசி குத்தி இரத்தம் எடுக்கத் தெரிந்தவர்கள் அந்த வேளையில் தீக்காயத்துக்கும் எலும்பு முறிவுக்கும் தேவைப்படுவார்கள். மேலும், அவர்களில் பலரே காயமுற்றிருக்கக்கூடும். ஒரு செவிலியர் ஒருவருக்கு இரத்தம் எடுக்கும் நேரத்தில், ஒரு மேற்பார்வையாளர் ஒரு வரிசையில் உட்கார்ந்திருக்கும் பலரைத் தாமே எடுக்கச் செய்து கண்காணிக்க முடியும் என்பதே இந்தக் கருவிகளுக்கு ஆதரவான முதன்மையான வாதம். வீட்டில் தனியாக உட்கார்ந்து எடுப்பதைவிட, முகாமில் ஒருவர் கண்ணெதிரே எடுப்பதற்கே இவை பொருத்தமானவை என்பது என் கருத்து.

எத்தனை வகைக் கருவிகள் இருக்கின்றன?

பெயர்கள் பல இருந்தாலும் அடிப்படை மூன்றுதான். முதலாவது, விரல் நுனியைக் குத்தும் லான்செட்டும் ஒரு சிறு குழாயும். இரண்டாவது, இரத்தத்தை உறிஞ்சி உலரவைக்கும் தாள் அல்லது நுனி. பிறந்த குழந்தையின் குதிகாலிலிருந்து இரத்தப் பொட்டுகள் எடுக்கப்படும் தடித்த தாள் இந்த வகையைச் சேர்ந்தது. ராபர்ட் கத்ரி 1960களில் பரவச் செய்த முறை அது. தாளில் இரத்தம் எவ்வளவு பரவும் என்பது இரத்தத்தின் கெட்டித்தன்மையைப் பொறுத்தது என்பதால், இரத்தசோகை உள்ளவரின் பொட்டும் மற்றவரின் பொட்டும் ஒரே அளவாக இருந்தாலும் உள்ளே இருக்கும் இரத்தம் ஒரே அளவாக இராது. இந்தக் குறையை நீக்குவதற்காகவே 10, 20, 30 மைக்ரோலிட்டர் என்று குறிப்பிட்ட அளவை மட்டும் உறிஞ்சும் நுனிகள் வந்தன. மித்ரா என்ற பெயரில் விற்கப்படும் கருவி இந்த வகை. 2020இல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனம் கொரோனா எதிர்ப்பொருளைக் கண்டறிய நடத்திய ஆய்வில், தன்னார்வலர்கள் இதை வீட்டிலேயே பயன்படுத்தி அஞ்சலில் அனுப்பினர்.

மூன்றாவது வகை மேற்கையில் ஒட்டிக்கொள்ளும் கருவி. டாசோ, டாப் ஆகியவை இந்த வகையில் பலரும் அறிந்த பெயர்கள். மேற்கையைச் சூடுபடுத்தி, கருவியை ஒட்டி, பொத்தானை அழுத்தினால், உள்ளேயிருக்கும் லான்செட்டோ நுண்ணூசிக் கூட்டமோ தோலைத் துளைத்துப் பின்வாங்கும். மெல்லிய வெற்றிடம் இரத்தத்தை இழுத்து அடியிலுள்ள குழாயில் விடும். ஊசி கண்ணில் படுவதில்லை, விரல் நுனியைவிட மேற்கையில் வலியை உணரும் நரம்பு நுனிகள் குறைவு என்பதால் வலியும் குறைவு. சில நிமிடங்களில் விரல் குத்தில் கிடைப்பதைவிட அதிக இரத்தம் கிடைக்கும் என்பது இதன் பலம். ஒவ்வொரு கருவியின் விலையும் கூடுதல் என்பது பலவீனம்.

சில சொட்டு இரத்தம் உண்மையிலேயே போதுமா?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். நலமான ஒருவரின் ஒரு மைக்ரோலிட்டர் இரத்தத்தில் 1,000 முதல் 4,000 வரை லிம்போசைட்டுகள் (வெள்ளணுக்களில் ஒரு வகை) இருக்கும். விரலிலிருந்து இரண்டு மூன்று சொட்டாகக் கிடைக்கும் 100 மைக்ரோலிட்டரில், அப்படியானால், குறைந்தது ஒரு இலட்சம் லிம்போசைட்டுகள் உள்ளன. அவசரநிலையில் சலித்தெடுக்கும்போது குரோமோசோம் பார்ப்பவர்கள் ஒருவருக்கு 50 அணுக்களைத்தான் எண்ணுகிறார்கள். எனவே அணுக்களின் எண்ணிக்கை ஒரு தடையே இல்லை.

தடை வேறிடத்தில் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களின் வழக்கமான முறைகள் நரம்பிலிருந்து எடுத்த 5 முதல் 10 மில்லிலிட்டர் இரத்தத்தை எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. சிறு துளியைக் கையாளக் கைவினை மட்டும் போதாது, இயந்திரங்கள் வேண்டும். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான ராபிட் என்ற தானியங்கி அமைப்பு, விரல் குத்து இரத்தத்தை நுண்குழாயில் பெற்று நாளொன்றுக்கு 30,000 மாதிரிகள்வரை சோதிக்க வேண்டும் என்ற இலக்கோடு தொடங்கப்பட்டது. மேலும், லிம்போசைட்டுகள்தாம் கதிர்வீச்சால் முதலில் மடிபவை என்பதை மறந்துவிடக் கூடாது. கடுமையாகப் பாதிக்கப்பட்டவரின் இரத்தத்தில் அவை மிகவும் குறைந்திருக்கும். யாருக்குச் சோதனை மிகவும் தேவையோ அவருடைய துளியில்தான் எண்ணுவதற்கான அணுக்கள் குறைவாக இருக்கும் என்பது இந்தத் துறையின் சங்கடங்களில் ஒன்று.

ஆய்வுக்கூடத்தில் அந்த இரத்தத்தில் எதைத் தேடுகிறார்கள்?

நீண்டகாலமாக உரைகல்லாக இருந்துவருவது டைசென்ட்ரிக் சோதனை. சாதாரண குரோமோசோமுக்கு இடுப்பு (சென்ட்ரோமியர் என்ற ஒடுங்கிய பகுதி) ஒன்று. கதிர்வீச்சால் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, உடைந்த முனைகள் தவறாக ஒட்டிக்கொண்டால், இரண்டு இடுப்புகள் கொண்ட ஒரு குரோமோசோம் உருவாகும். அதற்கே டைசென்ட்ரிக் என்று பெயர். இது இயல்பில் மிகவும் அரிது: ஏறத்தாழ ஆயிரம் அணுக்களுக்கு ஒன்று. 1 கிரே (உடல் ஏற்ற கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவுக் காமாக் கதிர் முழு உடலிலும் பாய்ந்திருந்தால் 50 அணுக்களில் நான்கு அளவில் தெரியும். 2 கிரே ஆனால் பதினான்கு அளவில் தெரியும். நுண்ணோக்கியில் கண் வைத்திருப்பவருக்கு இந்த இரண்டையும் வேறுபடுத்துவதில் சிரமம் இராது. 0.1 கிரே அளவைக் காண வேண்டுமானால் 500 முதல் 1,000 அணுக்கள்வரை எண்ண வேண்டும். லிம்போசைட்டுகளை உயிரோடு வைத்து, பிரியத் தூண்டி, 48 மணி நேரம் வளர்த்த பிறகே இதைப் பார்க்க முடியும். ஆகவே முடிவு வர மூன்று நாளாவது ஆகும்.

மைக்ரோநியூக்ளியஸ் சோதனை இதற்கு அடுத்தது. பிரியும் அணுவில் பின்தங்கிப்போன குரோமோசோம் துண்டு ஒரு குட்டி உட்கருவாகத் தனியே நிற்பதை இதில் எண்ணுகிறார்கள். எண்ணுவது எளிது, இயந்திரத்திடம் விடலாம். ஆனால் வளர்க்க 72 மணி நேரம் ஆகும்.

உடைந்த டி.என்.ஏ. அருகே தோன்றும் காமா-எச்2ஏஎக்ஸ் என்ற அடையாளத்தை ஒளிரச் செய்து எண்ணும் முறை மிக விரைவானது; சில மணி நேரத்தில் முடிவு வரும். ஆனால் அந்த அடையாளம் கதிர்பட்ட ஒரு மணி நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு, ஒரு நாளில் பெரும்பாலும் மறைந்துவிடும். பேரிடரில் முதல் நாளிலேயே எல்லோரிடமும் இரத்தம் எடுப்பது நடக்கிற காரியமில்லை.

கதிர்வீச்சுக்கு விடையாகச் சில மரபணுக்கள் கூடுதலாக இயங்கும், எஃப்.டி.எக்ஸ்.ஆர்., டி.டி.பி.2 ஆகியவை இவற்றுள் நன்கு ஆராயப்பட்டவை. அவற்றின் ஆர்.என்.ஏ.வை அளந்தால் அணுக்களை வளர்க்கக் காத்திருக்க வேண்டியதில்லை. தாமே எடுத்துக்கொள்ளும் கருவிக்கும் இந்தச் சோதனைக்கும் பொருத்தம் அதிகம் என்று எனக்குத் தோன்றுகிறது, ஏனெனில் துளியளவு இரத்தம் போதும், ஆர்.என்.ஏ.வைச் சிதையாமல் நிலைப்படுத்தும் மருந்து குழாயிலேயே இருந்தால் அணுக்கள் உயிரோடு இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்பே செய்யக்கூடிய எளிய சோதனை ஒன்று உண்டு: வெள்ளணு எண்ணிக்கை. ஆறு முதல் பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எண்ணி, லிம்போசைட்டுகள் எவ்வளவு வேகமாகக் குறைகின்றன என்று பார்ப்பார்கள். ஒரே ஒரு எண்ணால் பயன் குறைவு, சரிவுதான் செய்தி. இரண்டாம் நாள் முடிவில் லிம்போசைட்டுகள் மைக்ரோலிட்டருக்கு 500க்கும் கீழே இறங்கியிருந்தால் பாதிப்பு கடுமையானது.

உலர்ந்த பொட்டாக அனுப்பலாமா, திரவமாகவே அனுப்ப வேண்டுமா?

உலர்ந்ததும் அணு இறந்துவிடும். ஆகவே டைசென்ட்ரிக், மைக்ரோநியூக்ளியஸ், வெள்ளணு எண்ணிக்கை ஆகிய எதையும் உலர்ந்த பொட்டிலிருந்து செய்ய இயலாது. புரதங்கள், வளர்சிதைப் பொருள்கள், டி.என்.ஏ. ஆகியவற்றை அளக்கும் சோதனைகளுக்கு உலர்ந்த பொட்டு உதவும். குளிர்பெட்டி வேண்டாம், கசியாது, மாதக்கணக்கில் வைத்திருக்கலாம். திரவமாக அனுப்பும்போது குழாயில் எந்த உறைதடுப்பி இருக்கிறது என்பது முக்கியம். அணுக்களை வளர்க்கும் சோதனைகளுக்கு லித்தியம் ஹெப்பாரின். வெள்ளணு எண்ணிக்கைக்கு ஈ.டி.டி.ஏ. இரண்டையும் மாற்றிக்கொண்டால் பயனில்லை: ஈ.டி.டி.ஏ. கால்சியத்தைப் பிடித்துவைத்துக்கொள்வதால் அதிலுள்ள அணுக்கள் வளர்ப்புக்கு ஒத்துழைப்பதில்லை. மூடியின் நிறம் தவிர வேறெதுவும் வித்தியாசம் தெரியாத இரண்டு குட்டிக் குழாய்கள் ஒரே பெட்டியில் வரும்போது பொதுமக்கள் எளிதில் தவறுவார்கள் என்பதால், ஒரு பெட்டியில் ஒரு குழாய் என்று வைப்பதே அறிவுடைமை.

எப்போது எடுக்க வேண்டும்? எவ்வளவு சீக்கிரம் எடுக்கிறோமோ அவ்வளவு நல்லதா?

சோதனைக்குச் சோதனை விடை மாறும். வெள்ளணு எண்ணிக்கைக்கு முதல் மாதிரி சீக்கிரமே வேண்டும், ஏனெனில் பின்னால் ஏற்படும் சரிவை ஒப்பிட அதுவே அடித்தளம். டைசென்ட்ரிக் சோதனைக்கு அவசரம் கூடாது. உடலின் ஒரு பகுதியில் மட்டும் கதிர் பட்டிருந்தால், பட்ட லிம்போசைட்டுகளும் படாதவையும் உடலெங்கும் ஓடிக் கலக்க நேரம் பிடிக்கும்; எனவே 24 மணி நேரம் பொறுத்து எடுப்பது வழக்கம். அதற்குப் பிறகு சில வாரங்கள்வரை காத்திருந்தாலும் அந்தத் தடயம் பெரிதாக மங்காது. மரபணுச் சோதனைக்கு முதல் சில நாட்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். மாற்று இரத்தம் ஏற்றுவதாக இருந்தால், ஏற்றுவதற்கு முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும். ஏற்றிய பிறகு எடுத்தால் மற்றொருவரின் அணுக்களையும் சேர்த்து எண்ண நேரிடும்.

விரலில் எடுக்கும்போது எங்கே தவறு நேர்கிறது?

குத்துவதில் யாரும் தவறுவதில்லை. குத்திய பிறகு செய்வதில்தான் தவறுகிறார்கள். கை குளிர்ந்திருந்தால் இரத்தம் சொட்டுவதில்லை. உடனே விரலைப் பிசைந்து பிழிகிறார்கள். பிழியும்போது தசையிடை நீர் கலந்து இரத்தம் நீர்த்துப்போகிறது, சிவப்பணுக்கள் உடைகின்றன, கசிவு மெதுவாக வருவதால் குழாய்க்குள் போவதற்கு முன்பே உறையவும் தொடங்குகிறது. உறைந்த மாதிரியில் வெள்ளணு எண்ண முடியாது.

ஆகவே முதலில் வெதுவெதுப்பான நீரில் கையைக் கழுவி, நன்றாகத் துடைத்து, சற்று நேரம் கையை இதயத்துக்குக் கீழே தொங்கவிட வேண்டும். நடுவிரலோ மோதிர விரலோ ஏற்றது. கட்டைவிரலும் சுண்டுவிரலும் வேண்டாம். நுனியின் நட்ட நடுவில் குத்தாமல் சற்றுப் பக்கவாட்டில் குத்தினால் வலியும் குறையும், மறுநாள் பொருளைப் பிடிக்கும்போது உறுத்தவும் செய்யாது. ஆல்கஹாலால் துடைத்திருந்தால் அது காயும்வரை காத்திருக்க வேண்டும். முதல் சொட்டைத் துடைத்துவிட்டு, இரண்டாம் சொட்டு தானாக உருண்டு திரளும்வரை பொறுத்து, குழாயின் வாயை அந்தச் சொட்டில் தொட வைத்தால் போதும், தானாக ஏறும். தோலைச் சுரண்டக் கூடாது. நிரம்பியதும் மூடியைப் போட்டு, குலுக்காமல், எட்டுப் பத்து முறை மெல்லத் தலைகீழாகத் திருப்ப வேண்டும். இந்தக் கடைசி வேலையைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள், ஏனெனில் விரலில் பஞ்சை அழுத்திக்கொண்டிருக்கும் கை அதற்குள் வேறு வேலையில் இருக்கிறது.

உடலில் கதிரியக்கத் தூசு ஒட்டியிருந்தால் ஊசி குத்தலாமா?

முதலில் தூசு போக வேண்டும். மேலாடையைக் களைவதே பெரும்பகுதித் தூசை நீக்கிவிடும். பிறகு வெதுவெதுப்பான நீரும் சோப்பும் போதும், தோல் சிராய்க்கும் அளவுக்குத் தேய்க்கக் கூடாது. தூசு படிந்த தோலைக் குத்தினால் துகள்கள் உள்ளே போகவும், மாதிரியே அசுத்தமாகவும் வாய்ப்புண்டு. கழுவிய கையைக் கைகர் கருவியால் சோதித்த பிறகு எடுப்பதே முறை.

என் இரத்தம் மற்றவருக்கு ஆபத்தாகுமா?

காமாக் கதிரோ எக்ஸ்ரேயோ பட்டவரின் இரத்தம் கதிரியக்கம் உடையதாவதில்லை. நியூட்ரான் பாய்ந்தவர் விதிவிலக்கு: அவருடைய இரத்தத்திலுள்ள சோடியத்தில் ஒரு சிறு பங்கு சோடியம்-24 ஆக மாறும், அதன் அரைவாழ்வு 15 மணி நேரம். ஜப்பானின் டோக்கைமுராவில் 1999 செப்டம்பர் 30 அன்று நடந்த விபத்தில், மூன்று பணியாளர்கள் மீது பாய்ந்த அளவைக் கணிக்க இந்தச் சோடியமே உதவியது. அப்போதும் மாதிரியைக் கையாள்பவருக்கு அதனால் கருதத்தக்க ஆபத்து கிடையாது. இரத்தத்தால் பரவும் தொற்றுநோய்களே அவர் அஞ்ச வேண்டியவை, கையுறை அதற்காகத்தான்.

உறையின் மேல் என்னென்ன எழுத வேண்டும், எப்படி அனுப்ப வேண்டும்?

பெயர் அல்லது அடையாள எண், பிறந்த ஆண்டு, இரத்தம் எடுத்த நாளும் மணியும், சம்பவம் நடந்தபோது எங்கே எவ்வளவு நேரம் இருந்தார் என்பது, வாந்தி வந்திருந்தால் எத்தனை மணிக்கு முதல் வாந்தி என்பது. இவற்றுள் மணி எழுதப்படாத மாதிரி பாதி மாதிரிதான். ஆர்.என்.ஏ. அளவும் வெள்ளணு எண்ணிக்கையும் மணிக்கு மணி மாறுபவை என்பதால், எப்போது எடுத்தது என்று தெரியாத எண்ணை எந்த வரைபடத்திலும் பொருத்த முடியாது. சமீபத்தில் கதிரியக்கச் சிகிச்சையோ புற்றுநோய் மருந்தோ பெற்றிருந்தால் அதையும் எழுத வேண்டும். இரண்டும் குரோமோசோம்களில் தடயம் விடுபவை. ஸ்டீராய்டு மருந்து உட்கொள்பவருக்கு லிம்போசைட் எண்ணிக்கை அதனாலேயே குறைந்திருக்கலாம்.

அணுக்களை வளர்ப்பதற்கான மாதிரியை அறை வெப்பநிலையில், அதாவது 20 டிகிரியை ஒட்டி, அனுப்ப வேண்டும், உறையவிடக் கூடாது. கசியாத குழாய், உறிஞ்சும் பொருள் வைத்த உறை, கெட்டியான வெளிப்பெட்டி என மூன்றடுக்கு. வானூர்தியில் போகும் மாதிரியின் பெட்டியில் எக்ஸ்ரே சோதனைக்கு உட்படுத்த வேண்டாம் என்று எழுதி, உள்ளே ஒரு கதிர்வீச்சு அளவியையும் வைப்பது வழக்கம். வழியில் பெட்டி மீதே கதிர் பட்டுவிட்டதா என்பதை ஆய்வுக்கூடம் அதைக் கொண்டு தெரிந்துகொள்ளும்.

முடிவு வந்தால் அதை எப்படிப் புரிந்துகொள்வது?

அவசரநிலையில் பெரும்பாலும் கேட்கப்படும் கேள்வி ஒன்றுதான்: 2 கிரேக்கு மேலா, கீழா? ஏறத்தாழ 1 கிரே அளவிலிருந்து கடும் கதிர்வீச்சு நோயின் அறிகுறிகள் தோன்றலாம். 2 கிரேயைத் தாண்டியவர்களுக்கு எலும்பு மச்சையைக் காக்கும் சிகிச்சை தேவைப்படக்கூடும். சிகிச்சையே கிடைக்காவிட்டால், 3.5 முதல் 4 கிரே அளவில் பாதிப்பேர் இரண்டு மாதத்துக்குள் இறக்க நேரிடலாம். கோட்டுக்கு அருகே வரும் எண்களை நம்பி உயிரை ஒப்படைக்கக் கூடாது. 1.8 என்று வந்தவரும் 2.2 என்று வந்தவரும் உண்மையில் ஒரே அளவைப் பெற்றிருக்கக்கூடும். ஆகவே மருத்துவர் அறிகுறியையும் அடுத்தடுத்த வெள்ளணு எண்ணிக்கையையும் சேர்த்தே பார்ப்பார்.

இன்னொன்றையும் குறிப்பிட வேண்டும். இந்த எண் முழு உடலுக்கான சராசரி. கதிரியக்கப் பொருளை விரலால் எடுத்தவரின் விரலில் சதை அழுகிப்போகும் அளவுக்குக் கதிர் பட்டிருந்தாலும் இரத்தச் சோதனை இயல்பாகவே இருக்கலாம்.

முடிவு வரும்வரை சிகிச்சை தொடங்கக் கூடாதா?

தொடங்கலாம், பல சமயம் தொடங்கியே ஆக வேண்டும். வெள்ளணு உற்பத்தியைத் தூண்டும் ஃபில்கிராஸ்டிம் மருந்துக்குக் கதிர்வீச்சு நோய்க்கான ஒப்புதலை அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2015இல் அளித்தது; பெக்ஃபில்கிராஸ்டிம் அதே ஆண்டிலும், சார்கிராமோஸ்டிம் 2018இலும், ரோமிப்லோஸ்டிம் 2021இலும் ஒப்புதல் பெற்றன. இவற்றைக் கூடியவரை விரைவில் தொடங்குவதே பயனளிக்கும். மூன்று நாள் கழித்து வரும் டைசென்ட்ரிக் முடிவு, தொடங்கிய மருந்தைத் தொடர்வதா நிறுத்துவதா என்று முடிவெடுக்க உதவும்.

குழந்தைகள், கர்ப்பிணிகள், இரத்தம் உறையாமலிருக்க மருந்து உண்பவர்கள் ஆகியோருக்கு?

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு விரலில் குத்தக் கூடாது. குதிகாலின் பக்கவாட்டில், அதுவும் பயிற்சி உள்ளவர்தான் எடுக்க வேண்டும். கர்ப்பிணி தம் இரத்தத்தைக் கொடுக்கலாம், ஆனால் அது அவருக்கான எண். கருவிலுள்ள குழந்தை பெற்ற அளவை மருத்துவ இயற்பியலாளர் தனியே கணக்கிட வேண்டும். உறைதடுப்பு மருந்து உண்பவர் மேற்கைக் கருவியை எடுத்த பிறகு வழக்கத்தைவிட நீண்ட நேரம் பஞ்சை அழுத்திப் பிடிக்க வேண்டியிருக்கும்.

மூச்சிலோ உணவிலோ உள்ளே போன கதிரியக்கப் பொருளை இது காட்டுமா?

அதற்கு இது ஏற்ற சோதனை அல்ல. சிறுநீரைச் சோதிப்பதும், முழு உடல் அளவியின் முன் அமரவைத்து அளப்பதுமே அதற்கான வழிகள். சீசியத்துக்குப் பிரஷ்யன் நீலம், புளூட்டோனியத்துக்கு டி.டி.பி.ஏ. என்று மருந்துகளும் வேறு.

மனிதர்கள் மீது கதிர்வீச்சைப் பாய்ச்சிப் பார்க்க முடியாதே, பிறகு எப்படி இவற்றைச் சரிபார்க்கிறார்கள்?

கருவியைச் சரிபார்ப்பது எளிது: ஒரே நபரின் விரல் இரத்தத்தையும் நரம்பு இரத்தத்தையும் ஒரே நேரத்தில் எடுத்து ஒப்பிடலாம். இரண்டும் முற்றிலும் ஒன்றல்ல. நுண்குழல் இரத்தத்தில் வெள்ளணு எண்ணிக்கை சற்றுக் கூடுதலாகவே தெரியும். ஆகவே ஒருவருக்கு முதல் மாதிரியை விரலிலும் அடுத்ததை நரம்பிலும் எடுத்துச் சரிவைக் கணக்கிட்டால், இல்லாத சரிவு தெரியும். தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே இடத்தில் எடுக்க வேண்டும்.

சோதனையைச் சரிபார்ப்பதுதான் கடினம். கொடையாளரின் இரத்தத்தைக் குழாயில் வைத்துக் கதிர்வீச்சுக்கு உட்படுத்துவது ஒரு வழி. எலும்பு மச்சை மாற்றுக்கு முன் உடல் முழுவதும் கதிர்வீச்சுச் சிகிச்சை பெறும் நோயாளிகள் தம் இரத்தத்தைத் தர ஒப்புவது மற்றொரு வழி. மூன்றாவது, விலங்குகள். மூன்றில் எதுவும் ஊரோடு ஓடிவந்த, தூங்காத, தண்ணீர் குடிக்காத, நடுங்கும் கையால் தானே விரலைக் குத்திக்கொள்ளும் மனிதரின் நிலையை ஒத்ததல்ல. அந்த இடைவெளியை ஓரளவு நிரப்ப ஒத்திகை முகாம்கள் உதவும்: கதிர்வீச்சே இல்லாமல், நூறு பேரிடம் பெட்டியைக் கொடுத்து, எத்தனை குழாய் உறையாமலும் மணி எழுதப்பட்டும் திரும்பி வருகிறது என்று எண்ணிப் பார்ப்பது.

வீட்டில் ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

வாங்கி வைப்பதால் பயன் மிகக் குறைவு. எந்த ஆய்வுக்கூடம் எந்தக் குழாயை ஏற்கும் என்பது முன்கூட்டியே தெரியாது; லான்செட்டின் தூய்மைக்கும் உறைதடுப்பிக்கும் காலாவதித் தேதி உண்டு. அணுகுண்டு வெடித்தால் முதல் ஒரு நாள் கட்டடத்தின் உட்புறத்தில் தங்கியிருப்பதே உயிர்காக்கும் செயல். அந்த நேரத்தில் இரத்தத்தை அனுப்புவதற்காக வெளியே போவது, அனுப்பும் இரத்தத்தில் இல்லாத கதிர்வீச்சைத் தேடிப்போய் ஏற்றுக்கொள்வதாகும். வீட்டில் வைக்க வேண்டியவை குடிநீரும், மின்கலத்தில் ஓடும் வானொலியும், அன்றாடம் உட்கொள்ளும் மருந்துகளும்.

சி.டி. ஸ்கேன் எடுத்தேன். எனக்கு இந்தச் சோதனை செய்து பார்க்கலாமா?

வேண்டாம். ஒரு சி.டி. ஸ்கேனில் உடல் பெறுவது பொதுவாக 10 மில்லிசீவர்ட்டை (எக்ஸ்ரேயைப் பொறுத்தவரை ஏறத்தாழ 10 மில்லிகிரேயை) ஒட்டிய அளவு. இயற்கையிலிருந்து ஓர் ஆண்டில் உலக மக்கள் பெறும் சராசரி 2.4 மில்லிசீவர்ட். ஆயிரம் அணுக்களைப் பொறுமையாக எண்ணினாலும் டைசென்ட்ரிக் சோதனை 100 மில்லிகிரேக்குக் கீழே நம்பகமாக எதையும் காட்டாது. 50 அணுக்களை எண்ணும் அவசரச் சலித்தெடுப்போ அதைவிடப் பன்மடங்கு பெரிய அளவுகளைத் தேடுவதற்காக அமைந்தது.